‘நில்’ என்று வந்த பிறகு: விரையில் ஊசி போட்டுச் செல் எடுப்பது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தையின்மை பற்றி வரும் கட்டுரைகளில் ஆணுக்கான பரிசோதனை பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: செமன் டெஸ்ட் எடுக்க வேண்டும். அந்த டெஸ்டில் ‘நில்’ (Nil, அணு ஒன்றுகூட இல்லை) என்று வந்துவிட்டால் அடுத்து என்ன என்பதற்குக் கட்டுரையில் இடம் இருப்பதில்லை. ஆண்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு விந்தில் அணுவே இருப்பதில்லை. குழந்தையின்மைக்காக வருகிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 100 பேருக்கு 10 முதல் 15 வரை போகும். ‘அசூஸ்பெர்மியா’ என்ற ஒற்றைச் சொல் எழுதிய தாளோடு இவர்களில் பலர் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை அலைகிறார்கள். அது நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்பதைப் போல ஓர் அறிகுறி. அணு உற்பத்தியாகி வழியில் அடைபட்டிருக்கிறதா, உற்பத்தியே நின்றிருக்கிறதா என்று தெரிந்தால்தான் மருத்துவம் தொடங்கும்.

அதைச் சொல்லக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. விரையில், பாடநூல் சொல்லும் விந்தகத்தில், மெல்லிய ஊசியைச் செலுத்திச் செல்களை உறிஞ்சி ஸ்லைடில் பார்ப்பது. தைராய்டு கட்டிக்கும் மார்புக் கட்டிக்கும் அன்றாடம் செய்கிற எஃப்என்ஏசிதான் இதுவும். செல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் எங்களுக்கு மூன்று குறைகள் கண்ணில் படுகின்றன. வேண்டியவருக்கு இந்த ஊசி போடப்படுவதில்லை. வேண்டாதவருக்குப் போடப்படுகிறது. போட்டாலும், ஒரே இடத்தில் குத்தி எடுத்ததை வைத்து ‘இவருக்கு வாய்ப்பே இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள்.

முதலில், அந்த ‘நில்’ உண்மையிலேயே நில்தானா என்று பார்க்க வேண்டும். 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து, முழு விந்தையும் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முதலில் வெளிவரும் பகுதியில்தான் அணு அதிகம். அது கீழே சிந்திவிட்டால் சோதனையே பிழை. துளி விந்தை அப்படியே பார்த்து நில் எழுதுவதும் தவறு. அதைச் சுழற்றி, அடியில் தங்கும் மண்டியைப் பார்க்க வேண்டும். 3,000 ஜி (புவியீர்ப்பைப் போல 3,000 மடங்கு) விசையில் 15 நிமிடம் என்பது விதி. இங்கேதான் பல சிறிய ஆய்வகங்கள் சறுக்குகின்றன. ‘3,000’ என்பதை நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். அச்சிலிருந்து குழாயின் அடி 10 செ.மீ. தள்ளியிருக்கும் மேஜை இயந்திரத்தில் 3,000 சுற்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,000 ஜிதான். 3,000 ஜி வேண்டுமானால் 5,200 சுற்றுக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். விசை குறைந்தால் கொஞ்சநஞ்சம் இருக்கும் அணுவும் மேலே மிதந்து, மண்டியில் சிக்காமல் போகும். அப்படி நாலைந்து அணு சிக்கினால்கூட அவருக்கு விரையைக் குத்த வேண்டிய தேவையே எழாமல் போகலாம். அந்த அணுவை உறைய வைத்து இக்ஸிக்கு (முட்டைக்குள் ஓர் அணுவை நேரே ஊசியால் செலுத்தும் முறை) எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சில வாரம் இடைவெளிவிட்டு இரண்டு முறை, இரண்டு முறையும் சுழற்றிப் பார்த்திருக்க வேண்டும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் பொறுப்பது நல்லது. மூலச்செல் ஒன்று முழு அணுவாக மாறச் சுமார் 74 நாள் ஆகிறது, அது வெளியே வந்து சேர இன்னும் சில நாள்.

அதே மண்டியில் இன்னொரு தகவலும் இலவசமாகக் கிடக்கிறது. அணு இல்லாத விந்தில் பல நேரம் உருண்டைச் செல்கள் தெரியும். ‘பஸ் செல்கள்’ (pus, சீழ்ச்செல்கள்) என்று எழுதி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவது பரவலான வழக்கம். அவற்றில் ஒரு பகுதி சீழ்ச்செல்லே அல்ல, பாதியில் உதிர்ந்த விந்து முன்செல்கள். இரண்டு மூன்று கருக்கள் (நியூக்ளியஸ்) சேர்ந்திருக்கும் ஸ்பெர்மாடிட், அதாவது முழு அணுவாவதற்கு முந்திய கட்டச் செல், சாயம் ஏற்றாமல் பார்த்தால் வெள்ளணு போலவே கண்ணை ஏமாற்றும். பெராக்ஸிடேஸ் சோதனை செய்தால் வெள்ளணு நிறம் ஏறும், முன்செல் ஏறாது. மண்டியைப் பூசி பாப் சாயம் ஏற்றினால் இன்னும் தெளிவு. முன்செல்கள் விந்தோடு வெளியே வருகின்றன என்றால் ஒரு பக்கமாவது குழாய் திறந்திருக்கிறது, அடைப்பு காரணமல்ல என்று பொருள். ஊசியே போடாமல் கிடைத்த செல் மாதிரி அது.

அடுத்து, ஊசி தேவைப்படாதவர்களைப் பிரித்துவிட வேண்டும். விந்து 1.4 மி.லி.க்கும் குறைவு, அமிலத்தன்மை உண்டு, ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவர் விரல்களால் தடவி விந்து நாளம் (அணுவை வெளியே கொண்டுசெல்லும் குழாய்) இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். பிறவியிலேயே இருபுறமும் நாளம் இல்லாதவர்கள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க விரலே போதும், ஊசி வேண்டாம். வேண்டியது சிஎஃப்டிஆர் (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு தொடர்புள்ள மரபணு) சோதனை, அதுவும் கணவன் மனைவி இருவருக்கும். நாளம் இருந்தும் இந்த மூன்றும் வந்தால் அடைப்பு இன்னும் கீழே, விந்து வெளியேறும் குழாயில் இருக்கலாம், ஸ்கேன் காட்டும். சர்க்கரை நோயாளியின் விந்து சிறுநீர்ப்பைக்குள் திரும்பிப் போகலாம். விந்து வெளியேறிய பின் கழிக்கும் சிறுநீரைச் சுழற்றிப் பார்த்தால் அணு அதில் கிடைக்கும்.

விரைக்குக் கட்டளையிடும் எஃப்எஸ்எச், எல்எச் என்ற ஹார்மோன்கள் இரண்டும் மிகக் குறைந்து, டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருந்தால் கோளாறு விரையில் இல்லை, மூளைக்கடியில். இவர்களில் சிலருக்கு மணமே தெரியாது. காபித்தூளை முகரச் சொல்லிக் கேட்டால் போதும். ஹார்மோன் ஊசிகளால் இவர்களுக்கு உற்பத்தியைத் தொடங்கிவைக்க முடியும், ஆகவே குத்துவதில் பொருளில்லை. ஜிம்மில் ஸ்டெராய்டு போட்டவர்களும், ‘பலத்துக்கு’ என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டவர்களும் இதே கணக்குதான். வெளியிலிருந்து வரும் ஹார்மோன் மூளையின் கட்டளையை அணைத்துவிடுகிறது. விந்தணு குறைவுக்கு மருந்தாகவே டெஸ்டோஸ்டிரோன் எழுதிய சீட்டுகளும் வருகின்றன. நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றுகிற வேலை அது.

விரை சிறுத்து எஃப்எஸ்எச் உயர்ந்திருந்தால் உற்பத்திக் கோளாறு என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். இவர்களுக்கு முதலில் ரத்தம்: குரோமோசோம் சோதனைக்கு ஹெபாரின் கலந்த பச்சை மூடிக் குழாயில், ஒய் குரோமோசோம் சிதைவுச் சோதனைக்கு ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில். குழாய் மாறினால் சோதனை கெடும். குரோமோசோம் சோதனைக்கு உயிருள்ள ரத்தச் செல்லை 72 மணி நேரம் வளர்க்க வேண்டும். ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் என்ற இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுவதும் காணோம் என்று வந்தால், ஊசியாலும் கத்தியாலும் அணு கிடைக்கும் நம்பிக்கை கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஊசியைத் தொடாமல் இருப்பதே மருத்துவம். சி பகுதி மட்டும் போயிருந்தால் கதை வேறு, பலருக்கு அணு கிடைக்கிறது. ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இத்தனை பேரையும் கழித்த பின் மிஞ்சுகிறவர்தான் முக்கியமானவர். விரை நல்ல அளவில் இருக்கிறது, எஃப்எஸ்எச் இயல்பு, நாளம் கைக்குத் தட்டுப்படுகிறது, விந்தின் அளவும் சரி, அணு மட்டும் இல்லை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வின்படி எஃப்எஸ்எச் 7.6-க்கு மேல் போகாமல், விரையின் நீளம் 4.6 செ.மீ.க்கு மேல் இருந்தால் 96 சதவீதம் அடைப்புதான். எபிடிடைமிஸில் (விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும், அணு சேரும் சுருள் குழாய்) பழைய அழற்சி, காசநோய், சிறு வயதில் குடலிறக்க அறுவையில் நாளம் வெட்டுப்பட்டது என்று காரணங்கள் பல. முன்பு இந்தியாவில் பெரியம்மையும் இப்படி அடைத்துவிட்டுப் போனதுண்டு. அந்த 96 போக மிச்சமிருப்பவர்களில்தான் கண்ணி இருக்கிறது. அணுவின் முதிர்ச்சி பாதியில் நின்றவர்களுக்கும் பல நேரம் விரை பெரிதாக, எஃப்எஸ்எச் இயல்பாக இருக்கும். செல்கள் நிறைய உண்டு, எல்லாம் ஒரே கட்டத்தில் தேங்கி நிற்கின்றன. அவருக்கு அடைப்பு என்று நினைத்து நுண்ணோக்கி வைத்துக் குழாய் இணைக்கும் அறுவை செய்தால், பல மணி நேர உழைப்பும் லட்சக்கணக்கில் பணமும் வீண். ரத்தப் பரிசோதனையால் இந்த இருவரையும் பிரிக்க முடியாது. ஸ்கேனும் எப்போதும் பிரித்துக் காட்டாது. செல் காட்டும்.

எடுக்கும் முறைக்கு வருவோம். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டு, மருத்துவர் சொன்னால் மட்டும் நிறுத்த வேண்டும். ஸ்கேனில் விரைக்குள் கட்டி தெரிந்தால் விரைப்பை வழியாக ஊசி போடவே கூடாது. புற்றுச் செல் ஊசித் தடத்தில் பரவும் அச்சம் உண்டு. கட்டி இல்லாதவருக்கு விரைநாண் (விரையைத் தொங்கவிடும் நாளமும் நரம்பும் சேர்ந்த கயிறு) இருக்கும் இடத்தில், அட்ரினலின் கலக்காத லிக்னோகேயின் என்ற மரப்பு மருந்தை, பக்கத்துக்கு 5 மி.லி. போல, ரத்தக்குழாயில் இறங்கவில்லை என்று பின்னிழுத்துப் பார்த்துக்கொண்டு போட்டு, ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் வலியில் விரை மேலே இழுத்துக்கொள்ளும், ஊசி தடம் மாறும்.

இடது கைக் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே, தோல் இறுக, விரையைப் பிடிக்க வேண்டும். பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ் உள்ளங்கைப் பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். இது முக்கியம். ஊசி தவறி எபிடிடைமிஸுக்குள் போனால் அங்கே சேர்ந்திருக்கும் முதிர்ந்த அணு வந்து கொட்டும். விரை நன்றாக வேலை செய்வதாகப் பொய் அறிக்கை போகும். 23 கேஜ் ஊசி, 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்சு, ஒரு கையால் இழுக்க வசதியாகப் பிடிப்பான். உள்ளே போன பின் சிரிஞ்சை இழுத்து வெற்றிடம் உண்டாக்கி, தோலைவிட்டு வெளியே வராமல் 15, 20 முறை முன்னும் பின்னும் திசை சற்று மாற்றி ஆட்ட வேண்டும். பிறகு இழுத்த கையைத் தளர்த்தி, அழுத்தம் சமமான பின்தான் ஊசியை உருவ வேண்டும். தளர்த்தாமல் உருவினால் ஊசியில் இருந்த செல் சிரிஞ்சுக்குள் தெறித்துப் போய்விடும். ஸ்லைடில் ஒன்றும் வராது, ‘செல் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். குத்திய இடத்தை உடனே பஞ்சால் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஊசி முனையில் வருவது ஒரு துளிதான். விந்து முன்செல்களின் உடல் மிக மென்மை, அழுத்தித் தேய்த்தால் கரு நூல் நூலாக இழுபட்டு, எது எது என்று சொல்ல முடியாமல் போகும். ஸ்லைடின் எடையே போதும், அதற்குமேல் விரலால் அழுத்த வேண்டாம். பாதி ஸ்லைடுகளை அப்படியே காற்றில் உலர்த்தி ஜீம்சா வகைச் சாயத்துக்கும், மீதியைப் பூசிய கணமே 95 சதவீத ஆல்கஹாலில் மூழ்கவைத்து பாப் சாயத்துக்கும் அனுப்ப வேண்டும். ஆல்கஹாலுக்குப் போவதற்குள் உலர்ந்துவிட்டால் கரு உப்பி மங்கிவிடும். மின்விசிறிக்குக் கீழே நின்று ஸ்லைடு பூசாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடிலும் வலது, இடது, மேல், நடு, கீழ் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

சாயம் ஏற்றிய ஸ்லைடில் முதலில் தேட வேண்டியது செர்டோலி செல். முன்செல்களுக்குத் தாய்போல நின்று ஊட்டம் கொடுப்பது அது. உருண்டையான கருவின் நடுவே பொட்டு வைத்ததுபோல் ஒரு நியூக்ளியோலஸ், சுற்றிலும் நுரைபோல் கிழிந்த உடல், பல நேரம் கரு மட்டும் தனியே கிடக்கும். பருவம் அடைந்த பின் செர்டோலி செல் பெருகுவதில்லை. அதனால்தான் அது நல்ல அளவுகோல். ஸ்பெர்மாடோசைட் என்ற முன்செல்களில் முதல்நிலையினவற்றின் கருவுக்குள் நூல்கண்டு பிரிந்ததுபோல் குரோமாட்டின் தெரியும். இரண்டாம் நிலையினவை ஆயுள் குறைந்தவை, அரிதாகத்தான் கிடைக்கும். அதற்கடுத்த ஸ்பெர்மாடிட் சிறியது, அழுத்தமான உருண்டைக் கரு. கடைசியில் தலையும் வாலுமாக முழு அணு.

பார்த்தால் மட்டும் போதாது, எண்ண வேண்டும். 200 விந்துச் செல்களை வகை பிரித்து எண்ணி, அதே பரப்பில் கண்ட செர்டோலி செல்களையும் எண்ணுகிறோம். 60 செர்டோலி என்றால் 100-க்கு 30, அதுவே செர்டோலிக் குறியீடு. அந்த 200-இல் முழு அணு 70 என்றால் அணுக் குறியீடு 35. எல்லாக் கட்டமும் வரிசையாக இருந்து முழு அணுவும் தாராளமாக இருந்தால் உற்பத்தி இயல்பு. விந்தில் அணு இல்லாதவருக்கு இப்படி வந்தால் அடைப்பு உறுதி. எல்லாக் கட்டமும் உண்டு, ஆனால் செர்டோலிக் குறியீடு ஏறியிருக்கிறது என்றால் உற்பத்திக் குறைவு. முதல்நிலை ஸ்பெர்மாடோசைட் குவிந்து அதற்குப் பிறகு ஒன்றும் இல்லையென்றால் தொடக்கத்திலேயே நின்ற முதிர்ச்சி. ஸ்பெர்மாடிட் வரை வந்து நின்றிருந்தால் பிந்திய நிறுத்தம். செர்டோலி மட்டுமே என்றால் அதையே பெயராக எழுதுகிறோம். இரண்டு மூன்று முறை குத்தியும் செல்லே வரவில்லை என்றால் குழாய்கள் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம். எடுத்த முறை சரியில்லாமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் ‘அட்ரோஃபி’ என்று எழுதுவது நேர்மையல்ல.

ஒரே இடத்தில் குத்துவதுதான் மிகப் பெரிய பிழை என்பது எங்கள் கருத்து. ஒரு விரைக்குள் சுமார் 250 சிற்றறைகள், ஒவ்வொன்றிலும் சுருண்ட குழாய்கள். ஊசி தொடுவது அதில் மிகச் சிலவற்றை. அடைப்பு உள்ளவருக்கு எங்கே குத்தினாலும் ஒரே விடைதான். உற்பத்திக் கோளாறு உள்ளவருக்கு அப்படியல்ல. வறண்ட கண்மாயில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல், அங்கங்கே சில குழாய்களில் மட்டும் அணு உண்டாகிக்கொண்டிருக்கும். விரையை ஊசியால் பார்ப்பது 1905-இலேயே பெர்லினில் போஸ்னர் எழுதிய முறைதான். பல இடங்களில் எடுத்து வரைபடம் போடுவதை 1997-இல் சான் பிரான்சிஸ்கோவில் பால் டூரக் குழுவினர் வெளியிட்டனர். விரைக்கு 4 இடம் தொடங்கி 18 இடம் வரை கட்டம் கட்டி எடுப்பார்கள். அத்தனை இடம் எல்லா ஊரிலும் நடக்காது. அடைப்பா இல்லையா என்ற கேள்விக்குப் பக்கத்துக்கு மூன்று இடம், இரண்டு பக்கமும், என்பது நியாயமான குறைந்தபட்சம். ஒரு பக்கம் செர்டோலி மட்டும், மறுபக்கம் அணு என்று வருவது அபூர்வமல்ல. ‘செர்டோலி மட்டும்’ என்று ஊசியில் வந்தவர்களிலும் சிலருக்கு, 1999-இல் நியூயார்க்கில் ஷ்லெகல் விவரித்த மைக்ரோ டெசி அறுவையில், நுண்ணோக்கிக்கு அடியில் பருத்து வெண்மையாகத் தெரியும் குழாயைத் தேடி எடுத்து அணு கண்டிருக்கிறார்கள். 1992-இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து இக்ஸி வந்த பிறகு ஒரு கரு முட்டைக்கு ஒரே ஓர் அணு போதும் என்றாகிவிட்டது. ‘குறைவு’ என்பதற்கும் ‘அறவே இல்லை’ என்பதற்கும் நடுவே அதனால்தான் இன்று இவ்வளவு தூரம்.

சதையாக எடுக்கும் பயாப்ஸி தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. குழாய்ச் சுவர் தடித்திருக்கிறதா, தழும்பு எவ்வளவு, புற்றுக்கு முந்திய நிலை இருக்கிறதா என்பதை ஊசிச் செல் நம்பும்படி சொல்லாது. சிறு வயதில் விரை இறங்காமல் இருந்தவருக்குப் புற்று அபாயம் கூடுதல் என்பதால் அவருக்குச் சதை மாதிரியே மேல். ஆனால் அந்தச் சதையை வழக்கமான ஃபார்மலினில் போட்டு அனுப்புவதை நிறுத்த வேண்டும். குழாய்கள் சுருங்கிப் பிரிந்து, கருக்களின் நுணுக்கம் மங்கிவிடும். இதற்கென்று போயின் திரவம் இருக்கிறது. மஞ்சள் நிறத் திரவத்தில் மாதிரி வந்தால்தான் எங்களால் சரியாகச் சொல்ல முடியும். ஊசியைவிடப் பயாப்ஸி விரைக்குக் காயம் அதிகம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். விரையிலிருந்து அறுத்துச் சதை எடுத்தவருக்கு மறுமுறை அறுவைக்கு ஆறு மாதம் விடுவது வழக்கம்.

ஊசிக்குப் பிறகு ஒரு நாள் ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை, இரண்டு நாள் பைக் ஓட்டாமல் இருப்பது, சில நாள் உறவு தவிர்ப்பது போதும். லேசான வலியும் நீலம் பாய்வதும் இயல்பு. வீக்கம் மணிக்கு மணி ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போய்க் காட்ட வேண்டும்.

ஊசிக்கு முன்பே ஒன்று கேட்டுவிடுங்கள்: அணு கிடைத்தால் உறைய வைக்க வசதி உண்டா? அதே ஊசியில் ஒரு துளியை வளர்ப்புத் திரவத்தில் விட்டு உடனே பார்த்தால் வால் அசையும் அணு தெரியலாம். அப்போது உறைய வைத்தால் பின்னால் இன்னொரு முறை குத்துவது மிச்சம். அறிக்கை கைக்கு வந்ததும் நாலு விஷயம் பாருங்கள்: இரண்டு பக்கமும் தனித்தனியே எழுதியிருக்கிறதா, எத்தனை இடம், எத்தனை செல் எண்ணப்பட்டது, எந்தக் கட்டம் வரை செல் வந்திருக்கிறது. இவை இல்லாமல் ஒரு வரி தீர்ப்பு மட்டும் இருந்தால் ஸ்லைடுகளையே கேட்டு வாங்குங்கள். சாயம் ஏற்றிக் கண்ணாடி மூடிய ஸ்லைடு பல ஆண்டு கெடாது. இன்னொரு ஆய்வகத்தில் மறுபடி எண்ணிச் சொல்வார்கள், அதற்காக விரையை மறுபடி குத்த வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் சிலர்,
மதுரை